சரிபாதிப் பெட்டி

மேசைமேல் வைத்து அளந்தால் பெட்டி சொக்கத்தங்கம். ஒரு வாயில் நுழையும் ரேடியோ அலை உள்ளே இரண்டாகப் பிரிந்து, இரண்டு வாய்களில் சரிபாதியாக வெளிவரும். காற்றை உறிஞ்சி எடுத்த சோதனை அறைக்குள் வைத்தாலோ பங்கு கோணியது. வெளியே எடுத்துப் பிரித்தால் ஒரு குறையும் இல்லை.

அதை வடிவமைத்த பொறியாளருக்குக் காரணம் பிடிபடவில்லை. இன்றும் தேறாவிட்டால் செயற்கைக்கோளில் பழைய பெட்டிதான் ஏறும். அது இரண்டு மடங்கு கனம். அவள் மூன்று வருடம் இழைத்த பெட்டி அலமாரிக்குப் போய்விடும்.

மூடியைப் பூட்டுகிற ஃபிட்டர் அவள் கணவனின் தம்பி. தூசி புகக் கூடாதென்று வாய்களை அலை மட்டும் கடக்கும் தகட்டால் அடைத்து, மூடியை ரப்பர் வளையம் வைத்து முறுக்குவது அந்தக் கூடத்தின் வழக்கம். குறை தன் பூட்டில் இல்லை என்று அவன் சாதித்தான்.

"நான் பூட்டுனா எறும்புகூட நுழையாது அண்ணி. வீட்டுல நான் மூடுன பாட்டிலை அண்ணனால இன்னைக்கு வரைக்கும் திறக்க முடியல."

"சரி, உள்ள இருக்கறது எப்படி வெளிய வரும்?"

"உள்ள என்ன இருக்கு? வெறும் காத்துதானே."

எஃகு அளவுகோல் ஒன்றை எடுத்து மூடியின் மேல் குறுக்காக வைத்தாள். ஒளி புக இடமில்லாமல் படிந்தது. அப்படியே பெட்டியைச் சோதனை அறைக்குள் வைத்துக் காற்றை எடுக்கச் சொன்னாள். இருவரும் கண்ணாடி ஜன்னலில் முகம் பதித்து டார்ச் அடித்தார்கள். அளவுகோலின் இரு முனைகளுக்கும் கீழே மெல்லிய வெளிச்சக் கீற்று. மூடி நடுவில் உப்பியிருந்தது.

இரு பாதைகளையும் பிரிக்கும் நடுச்சுவர் பெட்டிக்குள் உண்டு. மூடி அதன்மேல் அழுந்தி உட்கார வேண்டும். வெளியே காற்று இல்லாதபோது உள்ளே அடைபட்ட காற்று மூடியைத் தூக்கிவிடும். அந்த இடுக்கு வழியாக ஒரு பாதையின் அலை மற்றதற்குள் கசியும். மேசைக்கு வந்தால் இருபுறமும் காற்று, மூடி பழையபடி தட்டை. குறை எப்படித் தெரியும்?

"அப்போ என் பூட்டு ரொம்ப நல்ல பூட்டு," என்றான் கொழுந்தன்.

"அதான் வினை. மூடியைக் கழட்டிக் கொடு, ஓட்டை போடணும்."

அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். ஓட்டை வழியே அலை போய்விடாதா என்று கேட்டான். அலை விரற்கடை நீளம், இந்தத் துளை ஊசி நுழையும் அளவு, காற்று போகும் அலை போகாது என்று விளக்கிக்கொண்டே அவள் துளையிட்டாள். பிசிறு நீக்கிக் கழுவி, காயவைத்து, அவன் கையாலேயே பூட்டச் செய்தாள்.

மீண்டும் காற்றை எடுத்தார்கள். அளவுகோலின் கீழே வெளிச்சம் இல்லை. திரையில் இரு வாய்களின் அளவைக் காட்டும் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாக ஓடின. தலைமைப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, புதிய பெட்டியே ஏறட்டும் என்றார். மூடியில் ஒரு மில்லிமீட்டர் துளை: உள்ளிருந்த காற்று வெளியேறியது, மூடி சுவரோடு ஒட்டியே இருந்தது, அலை சரிபாதியாகப் பிரிந்தது.