வராத பூ

“ஒனக்கு என்ன வேணும்னு டாக்டரம்மா கேக்குறாங்க” என்றாள் தாதி வேலை பார்க்கும் மிஸி இராஜம்மா.

சீதாலெட்சுமி திருதிருவென்று விழித்தாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸிலிருந்து நிற்காத உதிரப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கல்யாணத்தின்போதுகூட, மாப்பிள்ளை ரயிலில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாய்ண்ட்ஸ்மேன் என்று தகவல்தான் சொன்னார்கள்.

வெள்ளைக்கார டாக்டரம்மா ஒரு காகிதத்தில் பென்சிலால் கர்ப்பப்பையை வரைந்து, அதன் சுவரில் எலுமிச்சம்பழம்போல ஒரு கட்டியையும் வரைந்திருந்தார். வழி இரண்டு. பையை முழுசாக எடுத்துவிட்டால் உயிருக்குப் பயம் குறைவு. பிள்ளை என்ற பேச்சு அதோடு சரி. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பையைத் தைத்தால் பிள்ளை பிறந்தாலும் பிறக்கலாம். ரத்தம் அடங்காமல் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போனாலும் போகலாம். “எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிட்டேன். ஒனக்கு எது பெருசுங்கறது ஒனக்குத்தான் தெரியும். ரெண்டயும் சேத்து வச்சுத்தான் முடிவு பண்ணணும். வீட்டுல பேசிட்டு அடுத்த வாரம் வா” என்று டாக்டரம்மா சொன்னதை இராஜம்மா தமிழாக்கிவிட்டு, “நாஞ் சொல்றேன் கேளு, மொத்தமா எடுத்துரு, சனியன் விட்டுச்சுன்னு போ” என்று தன் பங்குக்கும் ஒரு வரி சேர்த்தாள். நான் இவ்வளவு பேசவில்லையே என்பதுபோல டாக்டரம்மா அவளைப் பார்த்தார்.

வெளியே காத்திருந்த அவள் கணவன் நாகையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகம் சுளித்தான். “நம்மளயே கேக்குறாங்கன்னா அவங்களுக்கு வைத்தியம் தெரியலன்னுதான அர்த்தம்? ரயில ஓட்டுறவன் ஏறி உக்காந்தவங்கிட்ட வந்து, எந்தத் தண்டவாளத்துல போகட்டும்னு கேப்பானா?” கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவனே சொன்னான். “மனுசருக்குத் தெரியலன்னா அம்மாகிட்ட கேட்டுருவோம். வெள்ளிக்கெழம பூ வச்சுப் பாப்போம்.”

சீதாலெட்சுமிக்கு என்ன வேண்டும் என்பது கோட்டர்ஸில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழாயடியில் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி தண்ணீர் பிடிக்கும்போது அவள் கைக்குழந்தையை இவள்தான் வாங்கித் தோளில் போட்டுக்கொள்வாள். குழந்தை கக்கிய பால் சேலையில் காய்ந்து புளித்த வாடை அடிக்கும். பொழுது சாயும்வரை அந்தச் சேலையை அவள் மாற்ற மாட்டாள். இரண்டு முறை இவள் வயிற்றிலும் கரு தங்கியது, தங்காமலும் போனது. ஊரார் ஆறுதல் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஆசை மட்டும் ஓயவில்லை. டாக்டரம்மா சொன்னதில் ‘பிறந்தாலும் பிறக்கலாம்’ என்ற பாதிதான் அவள் காதில் ஏறியது. மற்றப் பாதியை அவள் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

வெள்ளை வந்தால் கட்டி மட்டும், சிவப்பு வந்தால் பை முழுவதும் என்று பேச்சு. நாகையாவே வீட்டில் பூக்களை வாழையிலைத் துண்டுகளில் மடித்து நாரால் கட்டினான். வெள்ளிக்கிழமை மாலை மாரியம்மன் காலடியில் இரண்டு பொட்டலத்தையும் வைத்துத் தீபாராதனை காட்டி, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

“அம்மா உத்தரவு குடுத்துட்டா” என்றார் பூசாரி. நாகையா கன்னத்தில் போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றப் போனான்.

சீதாலெட்சுமியால் அசைய முடியவில்லை. மற்றப் பொட்டலத்தைப் பூசாரி வாடிய பூக்களோடு ஒரு கூடையில் தள்ளியிருந்தார். வராமல் போன அந்த வெள்ளைப் பூவை ஒரு தரம் பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அது பிள்ளையின் முகத்தையே பார்க்கிற மாதிரி. குனிந்து எடுத்து, நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

அதுவும் செவ்வரளி.

கோபம் வந்தது. அழுகை வந்தது. கூடவே, அம்மன் இன்னும் வாயே திறக்கவில்லை என்று ஒரு கள்ளச் சந்தோசமும் வந்தது.

தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் திரும்பி வரும்போது சொன்னாள். “அந்தப் பொட்டலத்தையும் நான் பிரிச்சுப் பாத்தேன்.”

நாகையா நின்றுவிட்டான். ஒரு கூட்ஸ் வண்டி அவர்களைக் கடந்து போனது.

“எனக்குப் புள்ள ஆச இல்லன்னு நெனக்காத, புள்ள” என்றான் பிறகு. “நீ இல்லாத வீட்டுல நான் எங்க போயி உக்காருவேன்?”

அப்போதுதான் அந்த மற்றப் பாதி அவள் காதில் ஏறியது. இத்தனை நாள் தன் ஏக்கம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். பக்கத்துப் பாயில் இன்னொன்று வாய் பேசாமல் படுத்திருந்திருக்கிறது. அம்மனிடமே திருட்டுத்தனம் செய்கிற அளவுக்கு அது முற்றியிருந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மாவின் முன்னால் இருவரும் சேர்ந்தே போய் நின்றார்கள். சீதாலெட்சுமிதான் பேசினாள். “கட்டிய மட்டும் எடுத்துப் பாருங்கம்மா. ரத்தம் நிக்கலன்னா யோசிக்காதீங்க, பைய எடுத்துருங்க. என்னய உசுரோட இவருகிட்ட குடுத்துரணும்.”

இராஜம்மா இந்தத் தடவை ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. டாக்டரம்மா நாகையாவைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

“முயற்சி பண்றேன், வாக்குக் குடுக்க முடியாது. எந்த எடத்துல நிறுத்தணுங்கறத மட்டும் எங்கிட்ட விட்டுருங்க. இது நாம மூணு பேரும் எடுத்த முடிவு” என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் அன்று மேசையில் படுக்கவைத்து மூக்கின்மேல் துணியை வைத்தார்கள். மருந்தின் காரமான வாடை தலைக்கு ஏறியது. கண் விழிக்கும்போது எது இருக்கும், எது இருக்காது என்று நினைக்கத் தொடங்கி, அந்த நினைப்பும் பாதியிலேயே நழுவியது. அவளுடைய வலது கை அடிவயிற்றின்மேல் இருந்தது. இராஜம்மா அதை மெல்ல எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் துணியை விரிக்கத் திரும்பினாள். மயங்கிக்கொண்டிருந்தவளின் கை ஊர்ந்து ஊர்ந்து, மறுபடியும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டது.