இப்ப சொல்லுங்க சார்

பத்து மணி விசாரணைக்கு அவள் ஏழு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அண்ணி, இந்நேரத்துக்கு அங்க கூட்டுறவங்க கூட வந்திருக்க மாட்டாங்க" என்று நாத்தனார் சிரித்தாள். வேன் ஓட்டுகிறவள். அண்ணிக்காக அன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. அங்கே தலைவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் இடி. மேசையைக் குத்துவார், ரிப்போர்ட்டை முகத்தில் விட்டெறிவார். வேலையில் கெட்டிக்காரர் என்பதால் மேலிடம் கண்டும் காணாமல் இருந்தது. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூக்கம் போயிற்று. ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. நாத்தனார்தான் கையைப் பிடித்து மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரையும், வாரம் ஒரு தடவை டாக்டரோடு பேசுவதுமாக அவள் தேறி வந்தாள்.

அந்த நேரம் பார்த்து, லீவு விண்ணப்பத்தோடு அவள் இணைத்த டாக்டர் சீட்டு இடியின் கண்ணில் பட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில், இருபது பேருக்கு முன்னால் கேட்டார்:

"என்னம்மா, இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா? இல்ல நாங்கல்லாம் கொஞ்சம் தள்ளி உக்காரணுமா?"

இருபது பேரும் சிரித்தார்கள். அவள் எழுந்து போய்ப் புகார் எழுதினாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். இடி நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டிருந்தார்.

"சும்மா ஒரு ஜோக் மேடம். அதைப் போய் ஊதிப் பெருசாக்கிட்டாங்க."

அவள் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு பக்கப் பேச்சும் எங்கேயோ பறந்தது. வேறொன்று தானாக வாயில் வந்தது.

"ஜோக்குன்னா இப்ப சொல்லுங்க சார். மேடமும் சிரிக்கட்டும்."

கண்ணாடி அம்மாள் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க. அப்படியே எழுதிக்கிறேன்."

இடி வாயைத் திறந்தார், மூடினார். கால் கீழே இறங்கியது. "அது வந்து... அந்த நேரத்துக்கு ஏதோ..."

"அவர் சொல்ல மாட்டார் மேடம், நான் சொல்றேன்" என்று ஒரு குரல். சாட்சிக்கு வந்திருந்தவர், கூடத்தில் மெஷின் பார்க்கிறவர். வாயே திறக்க மாட்டார் என்று அவள் நினைத்திருந்த மனிதர்! ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நானும் சிரிச்சேன். சிரிக்கலன்னா அடுத்த அடி எனக்குத்தான்னு பயம். தப்பும்மா" என்று அவள் பக்கம் திரும்பினார்.

அவள் படிகளில் ஓடிவந்து வேனில் ஏறினாள்.

"என்னாச்சு அண்ணி?"

"பேசிட்டேன்டி! நான் பேசிட்டேன்!"

வீட்டுக்குப் போகிற வழியில் நடந்ததை மூன்று தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இடி மாதிரியே வாயைத் திறந்து மூடிக் காட்டினாள். நாத்தனார் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை தட்டினாள்.

"அடியே, பிடிடி! தீர்ப்பு வர்ற வரைக்குமாவது நான் உயிரோட இருக்கணும்!"

ஒன்பதாம் நாள் தீர்ப்பு வந்தது. இனி இடியின் கீழ் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். கேலி செய்த அதே கூட்டத்தில், அதே இருபது பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டார். முணுமுணுப்பாகத்தான் வந்தது. "பின்னாடி கேக்கல சார்" என்றார் மெஷின்காரர். இரண்டாவது தடவை எல்லோருக்கும் கேட்டது.

அன்று மத்தியானம், மாடியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். கையில் வெள்ளைத் தாள்.

"அக்கா, எங்க மேலதிகாரியும் ஒரு மாதிரி... எப்படி எழுதறதுன்னு தெரியல."

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. முதல்ல தேதியப் போடு."