தொட்டியில் ஒன்றுக்குத்தான் இடம்

தெருவில் அவளைப் பல்லுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். இரண்டே அறை உள்ள வீட்டில், கூடத்து ஜன்னலை ஒட்டிக் கிடந்த மேஜைதான் அவளுடைய பட்டறை. பகல் வெளிச்சம் இல்லாமல் அந்த வேலை நடக்காது. பல்லின் நிறம் ஒரு பொட்டு மாறினாலும், போட்டுக்கொள்கிறவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவளைத் திட்டுவார். கல்யாணமான புதிதில் அந்த ஜன்னலுக்காகவே அலைந்து அந்த வீட்டைப் பிடித்தவள் அவள்.

புருஷன் லிஃப்ட் ஆய்வாளர். எந்த லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்கிற அதிகாரம் அவருடையது. ஆறு பேர் என்று எழுதியிருக்கும் லிஃப்டில் ஏழாவது ஆளாகக் கட்டடத்தின் முதலாளியே ஏறினாலும், இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் அக்காள் முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு.

அந்த அக்காள் பத்து நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம், வேறு வீடு கிடைக்கும்வரை தம்பி வீட்டில் ஒதுங்கிக்கொள்கிறாளாம். ஒதுங்க வந்தவளோடு கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின், யாருக்கும் வாசிக்கத் தெரியாத ஓர் ஆர்மோனியம். படுக்கையறை அவர்களுக்குப் போயிற்று. பத்து நாள் மாதக்கணக்கில் நீண்டது. அக்காள் கணவர் கட்டிலில் மல்லாந்தபடியே இந்தக் காலத்து வீட்டுத் தரகர்களின் யோக்கியதையைப் பற்றி விலாவாரியாகப் பேசுவார். அவர் எழுந்து போய் ஒரு வீட்டைப் பார்த்ததாக யாருக்கும் தெரியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் கண்ணாடித் தொட்டி வந்தது. அலுவலகத்தில் மாற்றலாகிப் போன ஒருவர் அதை ஆய்வாளர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் ததும்பிவிடும். அதில் யாரைக் குடிவைப்பது என்று வீட்டில் மாநாடு நடந்தது. அக்காளுக்கு கோல்டு ஃபிஷ் ஜோடியாக வேண்டும். அவள் கணவருக்கு, குட்டியாக இருந்தாலும் சுறா ஜாடையில் ஏதாவது வேண்டும். பெரிய பிள்ளை ஆமை கேட்டது, சின்னது எல்லாவற்றையும் கேட்டது. பல்லுக்காரம்மாவை யாரும் கேட்கவில்லை.

ஆய்வாளர் ஒரு வாரம் போனும் கையுமாக மீன்களைப் பற்றிப் படித்தார். பிறகு தொட்டியையும் தூக்கிக்கொண்டு, குடும்பத்தையே திரட்டிக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனார். கடைக்காரர் நாலு கோல்டு ஃபிஷ்ஷும், பாசி தின்ன அடியில் ஒரு சக்கர் மீனும் விடலாம் என்று ஆரம்பித்ததும், ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துத் தொட்டியை நீள அகலம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது சின்னத் தொட்டிங்க. அது வளர்ற மீனு, அழுக்கும் ஜாஸ்தி போடும். முகதாட்சண்யத்துக்காக ஒண்ணு கூட விட்டுட்டு அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்ல. இதுல ஒண்ணுக்குத்தான் இடம்."

சரி, கப்பியாவது ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், விரல் நுனி அளவுதானே என்றார் கடைக்காரர். ஆய்வாளர் அசைந்து கொடுக்கவில்லை. "ரெண்டா வரும், அப்புறம் குடும்பமாயிடும். எல்லாம் உள்ள வந்த பிறகு யாரை வெளிய போகச் சொல்றது?"

பின்னால் நின்ற பல்லுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காளோ தம்பியின் ஞானத்தைக் கண்டு பூரித்துப்போய், சின்ன வயதிலிருந்தே அவன் இப்படித்தான், எதிலும் கறார் என்று கடைக்காரரிடம் பெருமை பேசினாள். கடைசியில் நீல நிறத்தில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன் வந்தது. தன் இனத்தில் இன்னொன்று எதிரே வந்தால் கடித்துக் குதறிவிடும், தனியாகத்தான் வாழும் என்று ஆய்வாளர் வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தார்.

வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது, ஆடாத மேஜை வேண்டும். அப்படி ஓர் இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. முதலில் அவள் மேஜையில் ஒரு மூலைதான் கேட்டார். இரண்டு நாள் கழித்துத் தொட்டித் தண்ணீரில் அவள் பல் அச்சு வார்க்கிற மாவு மிதப்பதைக் கண்டுபிடித்தார்.

"கொஞ்ச நாளைக்கு உன் வேலைய சமையலறைக்கு மாத்திக்கயேன். மாவுத் தூசி மீனுக்கு ஆகாது."

வீட்டில் இருக்கிற ஆறு பேரும் அதே தூசியைத்தானே சுவாசிக்கிறோம் என்று கேட்டாள். மனுஷங்களுக்குப் பழகிவிடும் என்றார்.

சமையலறையில் ஊரான் பல்லெல்லாம் இளித்துக்கொண்டு கிடந்தால் சோறு எப்படி இறங்கும் என்று அக்காள் முணுமுணுத்தாள். ஆனாலும் மூன்று வேளையும் தட்டு காலியாகத்தான் திரும்பியது. பல்லுக்காரம்மா மங்கலான பல்பின் கீழே கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்த்தாள். அடுத்து அனுப்பிய பல்செட் திரும்பி வந்தது. நிறம் மஞ்சளடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் செய்தது ஒன்றுகூடத் திரும்பியதில்லை. இன்னொரு தடவை இப்படியானால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் தயங்கித் தயங்கிச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் அந்தப் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே புருஷனிடம் நேராகக் கேட்டாள். "உங்க அக்கா எப்பக் கிளம்பறாங்கன்னு கேளுங்க. இல்லாட்டி என் தொழில் போயிடும்."

"கூடப் பொறந்தவள எப்படிப் போகச் சொல்றது?" என்று அவர் பாவமாகச் சொல்லிவிட்டு, தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போனார்.

அந்தப் பல் மருத்துவருடைய மருத்துவமனை மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. ஒரு மேஜை, ஒரு முக்காலி, பாய் விரித்தால் கதவு முழுசாகத் திறக்காது. ஆனால் ஜன்னல் பெரியது. பல்லுக்காரம்மா அரங்களையும் மெழுகையும் அங்கே கொண்டுபோனாள். முதலில் பகலில் மட்டும் போய் வந்தாள். ஒரு நாள் வீடு திரும்பியபோது, கூடத்தில் அவளுடைய பாய் விரிக்கும் இடத்தில் தையல் மெஷின் நின்றது. மறுநாளிலிருந்து அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவள் சண்டை போடாமல் போனதை நல்ல சுபாவம் என்று அக்காள் மெச்சிக்கொண்டாளாம்.

ஒரு சாயங்காலம் ஆய்வாளர் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். பிள்ளைகள் ஓயாமல் கண்ணாடியைத் தட்டுகிறார்களாம், மீன் இரை எடுப்பதில்லையாம், துடுப்பெல்லாம் கிழிந்துவிட்டதாம். மூச்சு வாங்கியபடி அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க நிம்மதியா இருக்கு. இதை இங்கயே வெச்சுடலாம். வேணும்னா நானும் ஒரு பாயப் போட்டுக்கிட்டு..."

"மாவுத் தூசி மீனுக்கு ஆகாது" என்றாள் அவள்.

அவர் தொட்டியை இறக்க இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டார்.

"லிஃப்ட்ல ஆள் அதிகமாயிட்டா யாரை இறங்கச் சொல்வீங்க?"

"கடைசியா ஏறினவங்கள" என்றார், தொழில் பழக்கத்தில் சட்டென்று.

"நம்ம வீட்டுல முதல்ல ஏறினவ இறங்கியிருக்கேன். மீன் கடையில பேசினீங்களே, அதை அப்படியே உங்க அக்காகிட்ட என்னிக்குப் பேசறீங்களோ, அன்னிக்கு வரேன்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். தொட்டிக்குள் மீனும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. பிறகு திரும்பி, படியெல்லாம் தண்ணீர் சிந்திக்கொண்டே இறங்கிப் போனார். பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. பின்னாலேயே ஓடிப்போய்த் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. ஓடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதியில் விட்ட பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நிறம் சரியாக இருந்தது.