பியானோவில் ஏறிய மல்லாரி

கமலவேணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சுதந்திர விழாக் கலைநிகழ்ச்சிக்குப் பொறுப்பாளரான கலியாணசுந்தரம் மறுபடியும் வீடு தேடி வந்து பழைய பல்லவியையே பாடிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், நல்ல மலாய் ஜோகெட் ஒண்ணு வாசிங்க. சனம் எழுந்து ஆடும். உங்க மல்லாரிய யாரு கேப்பா?”

மல்லாரி என்பது சாமி கோயிலை விட்டு வீதிக்குப் புறப்படும்போது நாதஸ்வரத்தில் வாசிப்பது. அதைப் பியானோவுக்குக் கொண்டுவரக் கமலவேணி இரண்டு வருஷமாக மாரடித்துக்கொண்டிருந்தாள். தெங்கேரா வட்டாரத்தில் சீன முதலாளிகளான தவுக்கேமார் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் பாடங்களையே சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய், நம்முடையது ஒன்றாவது இந்தப் பெட்டியில் ஏறக்கூடாதா என்ற வீம்பில் தொடங்கிய வேலை. பெட்டி லேசில் மசியவில்லை. நாதஸ்வரம் சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டு போகும்; பியானோவோ படிப்படியாகத்தான் இறங்குவேன் என்று அடம்பிடிக்கும். அடுத்தடுத்த கட்டைகளை ஒரே விரலால் தேய்த்துப் பார்த்தாள். இடது கையைத் தவிலாக்கினாள். எழுதிய தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

இத்தனை பாடுபட்டும் கேட்டவர்களில் ஒருவர்கூட அது மல்லாரி என்று கண்டுகொள்ளவில்லை. அதுதான் அவளைத் தின்றது. “எந்தப் படத்துப் பாட்டு?” என்றாள் எதிர்வீட்டு ருக்மணி. கணவன் பொன்னுதுரை ஆபீசில் டைப் அடிப்பவன். “நான் அங்க அடிக்கிறத நீ இங்க அடிக்கிற” என்று சிரித்தான். அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

“ஜோகெட்டுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க” என்றாள் கமலவேணி. “இத ஒருத்தராச்சும் மல்லாரின்னு தெரிஞ்சிக்கணும். இல்லன்னா பியானோவ வித்துடுறேன்.”

விழாவன்று காஜா பேராங் மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில், பல தலைமுறைக்கு முன்பே இந்த மலாய் மண்ணில் குடியேறிவிட்ட செட்டிக் குடும்பங்கள். நாலு வீடு தள்ளியிருந்த கோயில் அவர்களுடையது. தமிழ் மட்டும் வாயில் வராது, பேச்செல்லாம் மலாய். அவர்களில் பெரியவரான அப்பாசாமி கச்சாங் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

கமலவேணி தொடங்கினாள். கொறிக்கும் சத்தம் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையில் தவிலை இறக்கினாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. எழுந்து போகிறார்களாம்! போகட்டும், நாளைக்கே பெட்டியை விற்றுத் தொலைக்கலாம் என்று கொதித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

ஒருவரும் போகவில்லை. செருப்புகள் நாற்காலிக்கு அடியில் கிடந்தன. சனம் நடுவில் வழி விட்டு, இருபுறமும் ஒதுங்கி, வாசலைப் பார்த்துக் கைகூப்பி நின்றது. மேடையிலிருந்து முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. அதில் ஒன்று பொன்னுதுரையுடையது.

“என்ன டீச்சர், எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க!” மேடையோரத்தில் கலியாணசுந்தரம் பதறினார்.

கமலவேணிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. உழைத்தவள் மேடையில் இருக்க, வராத சாமிக்கு வரவேற்பு!

“சாமி மானா?” சாமி எங்கே என்று அப்பாசாமி கழுத்தை நீட்டிப் பொன்னுதுரையைக் கேட்டார்.

“வரும், வரும்” என்றான் பொன்னுதுரை, கூப்பிய கையை எடுக்காமல்.

கமலவேணி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.