சிஸ்டரின் மூன்றாவது கேள்வி

1

அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பொது மருத்துவமனையின் நான்காம் தளத்தில், நுரையீரல் புற்றுநோய்க்காக இம்யூனோதெரபி எடுத்துவந்த ஒருவருக்கு அன்றைய மருந்து ஏற்றப்படவில்லை.

பக்கவிளைவுகளைப் பற்றிக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "இன்னிக்கு அவருக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அதிலிருந்த போர்வையை மடித்தார். யார், ஏன் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. கட்டுரை முடிந்தது, அச்சாகியும் விட்டது. நாற்காலி மட்டும் என்னை விடவில்லை. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "அவருக்குச் சாவைப் பற்றிய பயமே கிடையாது, ஆனால் –"

அடித்துவிட்டேன். பயமில்லாத ஆள் எதற்காக இரண்டு பஸ் மாறி ஊசி போட்டுக்கொள்ள வருகிறார்?

இரண்டாம் தொடக்கம்: ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். தனியாக இருக்கிறார். (ஒரு மகளையும் வைத்திருந்தேன். அவள் இருந்திருந்தால் கழிவறைக் கதவு ஓயாமல் சாத்தப்படுவது அவள் காதில் விழுந்திருக்கும், கதை இங்கேயே முடிந்திருக்கும். எடுத்துவிட்டேன். அவருக்கு நான் செய்த முதல் கெடுதல் அது.)

முதல் நாள் சிஸ்டர் அவருக்கு விளக்குகிறார்:

"உங்க உடம்புல காவல் செல்லுங்களுக்கு ஒரு பிரேக் இருக்கு. கட்டி அதைப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிக்குது. இந்த மருந்து பிரேக்கை எடுத்துவிடும். அப்புறம் காவல் செல்லுங்க கட்டியையும் கடிக்கும், சில நேரம் குடல், தோலுன்னு நல்லதையும் கடிச்சு வைக்கும். எதுவா இருந்தாலும் உடனே சொல்லிடணும்."

"பிரேக்கை எடுத்தா காலி லிஃப்ட் மேலதான் போகும், சிஸ்டர். மறுபக்கம் தொங்குற எதிர் எடை இழுத்துரும்."

"நீங்க எங்கயும் போக வேணாம், லிஃப்ட்காரரே. போனை மட்டும் எடுங்க."

3

ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுவதற்கு முன்பும் சிஸ்டர் போன் செய்வார். சாப்பாடு இறங்குகிறதா? மூச்சு வாங்குகிறதா? மூன்றாவது கேள்வி வயிற்றைப் பற்றியது.

கொஞ்ச நாளாக அவருக்கு வயிறு நிற்காமல் போகிறது. தெரு முனை மருந்துக்கடையில் பேதி நிற்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். போன் வந்தால், "வயிறெல்லாம் நார்மல், சிஸ்டர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு லிஃப்ட் கதைக்குத் தாவிவிடுவார்.

ஏன் மறைக்கிறார்? சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளும் காரணம்.

எனக்குப் போதவில்லை. இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு தெரிந்தது: அவர் வீட்டு போன் வேறு யாருக்காகவும் அடிப்பதில்லை. வருகிற ஒரே பேச்சைக் கழிவறையில் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

4

திங்கட்கிழமை போன்.

"வயிறு?"

"நார்மல், நார்மல். ஒரு கூத்து சொல்லவா? ஒரு அடுக்குமாடில லிஃப்ட் நடுவழியில நிக்கும்போதெல்லாம் அலாரம் மணி அடிச்சிட்டே இருந்துச்சு. தூங்க முடியலன்னு மணிக்குள்ள பழைய பனியனை அடைச்சு வெச்சுட்டானுங்க!"

"அடப்பாவிங்களா!"

"நான் போய்த் தொறந்து பாத்தா... மணி அடிக்கலையாம், அதனால லிஃப்ட் சரியாயிடுச்சாம்..."

சிஸ்டர் சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு நிறுத்தினார். கையில் மாத்திரை அட்டை இருந்தது.*

"லிஃப்ட்காரரே? லைன்ல இருக்கீங்களா?"

* இந்த இடம் எனக்கே உறுத்துகிறது. வாழ்க்கை இவ்வளவு வசதியான கதையை யார் கையிலும் கொடுப்பதில்லை. ஆனால் அவரைப் பேசவைக்க எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

5

முடிவு அ: "இருக்கேன் சிஸ்டர்" என்று சொல்லி, மறுநாள் மருந்தும் ஏற்றிக்கொண்டு, வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் – 

வேண்டாம். குடல் ஓட்டையாகிச் சாகும் ஆட்களைப் பற்றி நான் கட்டுரைக்காக நிறையவே படித்துவிட்டேன்.

முடிவு ஆ:

"சிஸ்டர், அந்த மூணாவது கேள்வியை இன்னொரு வாட்டி கேளுங்க."

"எத்தனை தடவை போகுது?"

"எட்டு. ரத்தமும் வருது."

சிஸ்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

"போன தடவையே சொல்லியிருக்கலாமில்ல?"

"போன தடவை நீங்க நல்லா சிரிச்சீங்க."

நாற்காலி காலியாக இருந்ததால் ஆ-வை வைத்துக்கொள்கிறேன். கட்டி மறுபடி வளர்ந்ததா என்று கேட்காதீர்கள். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு அது அடங்கியே கிடக்கிறது, சிலருக்கு இல்லை. அடுத்த ஸ்கேன் வரை அவருக்கே தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மகளைத் திரும்பக் கொண்டுவந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவரை அன்றே வார்டில் சேர்த்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்தார்கள், பேதி நின்றது. இம்யூனோதெரபி நிறுத்தப்பட்டதால் அவர் பெயர் வேறு பிரிவுக்கு மாறியது. இப்போது வேறொரு சிஸ்டர் போன் செய்கிறார். வயிற்றைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார். அவர் பதில் சொல்கிறார். போனை வைத்துவிடுகிறார்கள்.