மாமனாராக ஒரு நாள்

என் மாமனார் கூலிகாவைப் புதைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவரை முறைப்படி வழியனுப்பும் சடங்குக்கு இந்த வருடம்தான் தோது வந்தது. அறுவடை சுமாராகக் கைகொடுத்தது, கள் காய்ச்சச் சோளம் இருந்தது, ஐவரி கோஸ்ட்டில் கொக்கோ தோட்டமே கதியென்று கிடக்கும் என் புருஷன் சிபிரியும் வருவதாகச் சொல்லியனுப்பினார். வரவில்லை. அது பழகிப் போனதுதான். சடங்கன்று அப்பாவாக வேஷம் கட்டப்போவது நீதான் என்று மூத்த நாத்தனார் தெனே வந்து சொன்னபோது நான் சந்தையில் பயறு வடை சுட்டுக்கொண்டிருந்தேன். கேட்ட அதிர்ச்சியில் ஒரு ஈடு வடை கருகிப் போனது.

வேறு யாரைப் போடுவார்கள்? வீட்டு மருமகள் ஒருத்திதான் செத்தவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அன்று பொழுது சாயும்வரை அவராகவே இருக்க வேண்டும். பிள்ளைகள் அவளை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சொல்ல விட்டுப்போனதைச் சொல்வார்கள், திட்ட நினைத்ததைத் திட்டுவார்கள், மன்னிப்பும் கேட்பார்கள். பொழுது சாய்ந்தால் அவர் போய்விட்டார் என்று அர்த்தம். அதற்கப்புறம் அவரோடு யாருக்கும் பேச்சில்லை. மூன்று மருமகள்களில் அவரை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் நான் ஒருத்திதான். சமையல்கட்டில் அவர் இருமுவதையும், களித் தட்டை ஒற்றை விரலால் தள்ளிவிடுவதையும் செய்துகாட்டி ஓரகத்திகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அது இப்போது என் தலையிலேயே விடிந்தது.

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. கூலிகா நடந்து எங்கள் ஊர் குதூகூவில் யாரும் பார்த்ததில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு அல்ஜீரியச் சண்டைக்குப் போய்வந்த காசில் வாங்கிய பிரெஞ்சு மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். எதிர் வீட்டுக்குப் போவதென்றாலும் அதில்தான் போவார். மோட்டார் சைக்கிள் இல்லாமல் அப்பா எப்படி வருவார் என்று மூத்த மச்சினர் தாங்கா கேட்டார். கேட்பது சுலபம். அந்த வண்டி மூன்றரை வருடமாகக் கோழிக் கொட்டகையில் கிடந்தது. சீட்டை எலி தின்றிருந்தது, பெட்ரோல் டாங்கில் துரு, சக்கரத்தில் பாதிக் கம்பிகள் இல்லை. முன்விளக்கை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். யாரென்று தாங்காவிடம் கேட்டால் அவர் வானத்தைப் பார்ப்பார்.

"நான் சரி பண்றேன்மா" என்றாள் என் மகள் நோபோகோ. பதினேழு வயது. பள்ளிக்கூடம் விட்டால் நேரே ஒரு மெக்கானிக் அம்மாளின் பட்டறைக்குப் போய்விடுவாள். கிரீஸ் ஏறாத நகம் அவளுக்குக் கிடையாது. அவ்வளவு ஆசையாக அவள் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். சிறுவயது முதல் தாத்தாவின் காலடியில் வளர்ந்தவள், அவருக்காகச் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். சடங்குக்கு இரண்டு மாதம் இருந்தது. நானும் உதவுகிறேன் என்றேன்.

காலையில் வடை, மத்தியானம் வண்டி என்று ஆனது. முதல் வாரம் முழுக்க எஞ்சினைத் திறக்கவே முடியவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. நோபோகோ ஸ்பார்க் பிளக் துவாரத்தில் டீசலை ஊற்றி, நான்கு நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டினாள். நான் வண்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விடியற்காலையிலிருந்து மாவரைத்த கை, தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் தோள்வரை வலித்தது. ஐந்தாம் நாள் பிஸ்டன் வெளியே வந்தது. நான் அதைத் துணியால் துடைத்தேன். ஒரு பக்கம் முழுக்க உழுத நிலம் மாதிரி கீறல்.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் பதினைந்து வருடம் மொபெட் ஓட்டியவளுக்கு இது தெரியும். ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடிய எஞ்சின்தான் இப்படி ஆகும். யாரோ வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். நோபோகோ நிமிரவில்லை.

"யாரோ இல்ல. நான்தான்."

அவர் விழுந்த அன்று நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நான் சந்தையில் இருந்தேன். வீட்டில் அவளும் அவரும் மட்டும். உச்சி வெயிலில் அவர் வாய் கோணி விழுந்ததும், பதின்மூன்று வயதுப் பெண், அவர் யாரையும் தொடக்கூட விடாத அந்த வண்டியை எடுத்துக்கொண்டு நர்சைக் கூப்பிடப் போனாள். வழியில் வண்டி நின்றுவிட்டது, ஓடிப்போய்த்தான் கூட்டி வந்தாள், மூன்று மணி நேரமாகிவிட்டது. கிழட்டு வண்டி காலை வாரிவிட்டது என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டோம். மீதியை அவள் இப்போதுதான் சொன்னாள். டாங்கில் பெட்ரோல் இல்லை. தெருமுனையில் பாட்டிலில் விற்கிறவளிடம் இரண்டு வரிசை இருந்தது. ஆயில் கலந்தது ஒன்று, கலக்காதது ஒன்று. பதற்றத்தில் கைக்குக் கிடைத்த பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள். ரயில் கேட் பக்கத்தில் எஞ்சின் இறுகி, அவளைத் தூக்கிப் போட்டது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அதை இவள் கதவோரத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் அவர் இரண்டு வருடம் ஒரு சொல் பேசாமல் படுத்துக் கிடந்து செத்தார்.

நான் எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். குழந்தை நீ, உனக்கென்ன தெரியும், நர்சுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்வதே வேலை, அவர் வயசுக்கு நர்ஸ் பறந்து வந்திருந்தாலும் அதே கதிதான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டு பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன்கிட்ட கேக்கலம்மா. அவர்கிட்டதான் கேக்கணும். சடங்கு அன்னைக்கு அவர் வருவாருல்ல."

"அன்னைக்கு வர்றது நான்டீ."

"இல்ல. அன்னைக்கு நீ இல்ல."

முறைப்படி அவள் சொன்னதுதான் சரி. வேஷம் கட்டுகிறவள் தன் இஷ்டத்துக்குப் பேசக்கூடாது, செத்தவர் என்ன சொல்வாரோ அதைத்தான் சொல்ல வேண்டும். கூலிகா என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சைக்கிள் பம்புக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பதினோரு வருடம் பேசாமல் இருந்து, பேசாமலே செத்த மனிதர். மன்னிப்பு என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. அவர் வண்டியை எடுத்து, கெடுத்து, அவர் பேச்சையும் போக்கியவளா? காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் பொய்யாக மன்னித்தால் இவள் கண்டுபிடித்துவிடுவாள். அவர் குரலின் ஏற்ற இறக்கம் என்னைவிட இவளுக்குத்தான் மனப்பாடம்.

அதற்கப்புறம் வண்டி வேலை எனக்கு இரட்டைச் சுமையாகிவிட்டது. லேத்துக்காரர் சிலிண்டரைக் கடைந்து, வேறொரு வண்டியின் பிஸ்டனைப் பொருத்திக் கொடுத்தார். டாங்குக்குள் சரளைக் கல்லும் பெட்ரோலும் போட்டு, துரு உதிரும்வரை ஆளுக்கு நூறு தடவை என்று மாறிமாறிக் குலுக்கினோம். பீர் அட்டைப் பெட்டியை வெட்டி, எஞ்சின் இடுக்கில் வைக்கும் கேஸ்கெட் செய்தோம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்ற நிலைமை. நோபோகோ பாடப் புத்தகத்தைத் தொடவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, என்னோடு ஸ்பேனர் நம்பரைத் தவிர வேறு பேசவில்லை. ஒவ்வொரு உதிரியும் அதனதன் இடத்தில் போய் உட்கார, இந்த வண்டி மட்டும் ஓடிவிடக் கூடாதே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். வண்டி ஓடாவிட்டால் தாங்கா சடங்கை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவார். அதற்குள் இவள் மனசு மாறலாம்.

சடங்குக்கு இரண்டு நாள் முன்னால் அவளே பெட்ரோல் வாங்கி வந்தாள், தக்காளி டப்பாவால் ஆயிலை அளந்து கலந்தாள், மூன்று தடவை முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றினாள். எட்டாவது உதையில் வண்டி கிளம்பிவிட்டது. அதே கரகரப்பு, நடுவில் அதே விக்கல். தெனே வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து, கொட்டகை வாசலில் நின்று அழுதாள். நோபோகோ சிரித்தாள். மூன்றரை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை, அதைப் பார்த்து எனக்கு அழுகைதான் வந்தது.

சடங்கன்று அவருடைய நீலச் சட்டையை எனக்குப் போட்டு, பட்டாளத்து மெடல் இரண்டைக் குத்தி, தொப்பியை வைத்தார்கள். வண்டியில் சந்தையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்னால் மேளம், பெண்களின் குலவை. முச்சந்தியில் பக்கத்து வீட்டு சாமோ இனத்துக்காரர், எங்களைக் கேலி பேசப் பிறப்புரிமை உள்ளவர், சக்கரத்துக்கு முன்னால் நீட்டிப் படுத்துக்கொண்டார். இந்தப் பிணத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா, இருந்தால் எடு, இல்லாவிட்டால் வண்டியை எங்களிடம் விட்டுவிட்டுக் குழிக்கு நடந்து போ என்றார். உன்னைப் புதைக்கத்தானடா எழுந்து வந்தேன் என்று மாமனார் குரலிலேயே சொல்லி, மெல்லுவதற்குக் கொஞ்சம் கோலாக் கொட்டையைக் கொடுத்து எழுப்பினேன். தெருவே சிரித்தது. எனக்கே ஆச்சரியம், அந்தக் குரல் அவ்வளவு லேசாக வந்தது.

வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். தாங்கா மண்டியிட்டு, முன்விளக்கை விற்றது நான்தான் அப்பா என்றார். "விளக்க வித்த சரி, கண்ணையும் சேர்த்து வித்துட்டியா? நீ போட்ட கணக்கெல்லாம் அப்படித்தான இருக்கு" என்றேன். அவரும் சேர்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிறகு நோபோகோ வந்தாள். கைகால் கழுவி, புதுத் துணி உடுத்தியிருந்தாள். மண்டியிட்டு, அந்த மத்தியானத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல், குரல் நடுங்காமல் சொன்னாள். மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"உங்க பேச்சு போனது என்னாலதான் தாத்தா. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசிக்கக்கூட இல்லை, என் கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பித்தது. அவர் திருப்புவாரே, அதேபோல் தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு. அதைக் கண்டதும் அவள் கண் அணைந்து போனதைப் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கு நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"தொப்பியப் போடுடீ, அவர் இன்னும் போகல" என்று தெனே பதறினாள்.

நான் போடவில்லை. என் சொந்தக் குரலில் பேசினேன்.

"அவர் மன்னிக்க மாட்டார் நோபோகோ. அது உனக்கும் தெரியும். ஆனா நான் சொல்றதக் கேளு. நர்ஸ் போகும்போது என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனா. தினம் காலையில அரை மணி நேரம் அவர் பக்கத்துல உக்காந்து, ஆ, ஊன்னு சத்தம் போட வை, ஆறு மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா பேச்சு திரும்பும்னு சொன்னா. குளிப்பாட்டுனேன், ஊட்டுனேன், பீ மூத்திரம் அள்ளுனேன். ஊரே என்னைப் புகழ்ந்துச்சு. அத மட்டும் செய்யல. ஒரு நாள்கூட செய்யல. அவர் தானா வாயத் திறந்து ஏதாவது முனகினா, எழுந்து வெளிய போயிடுவேன். பதினாலு வருஷம் அந்த வாயிலிருந்து நான் கேட்டது போதும்னு இருந்துச்சு. அந்த ரெண்டு வருஷம்தான் இந்த வீட்டுல நான் நிம்மதியா இருந்தேன். பேச்சு போனது உன்னால போயிருக்கலாம். திரும்பி வராததுக்கு நான்தான் காரணம்."

தாங்கா தலை குனிந்துகொண்டார். தெனே என்னைப் பார்த்த பார்வையில், இந்த வீட்டில் எனக்கு இனிமேல் என்ன இடம் என்பது தெரிந்துவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலைப்படக்கூடத் தெம்பில்லை. நான் நோபோகோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. அப்புறம் அவள் முகத்தில் கோபம் வந்தது. வரவேண்டியதுதானே, அது அவளுடைய தாத்தா.

பிறகு என் மடியிலிருந்து தொப்பியை எடுத்தாள். இரண்டு கையாலும் அதை என் தலையில் வைத்து, காது மறையும்வரை அழுத்தினாள். மறுபடியும் தலை குனிந்தாள்.

"தாத்தா, என் விஷயம் இருக்கட்டும். எங்கம்மாவ மன்னிச்சிருங்க."

பதில் சொல்லுங்கப்பா என்று தெனே கரகரத்த குரலில் கேட்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். காலையிலிருந்து கேட்டபோதெல்லாம் வந்த அவர் குரல் வரவில்லை. வந்தது என் அழுகைதான். வேஷம் கட்டியவள் அழக்கூடாது, ஆனால் நோபோகோ என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், யாரும் என்னைத் தடுக்கவில்லை.