இறந்தவர்கள் கேட்டனுப்பிய பாகு

பார்சல் அனுப்பும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தபோது மார்லிஸ் எக்டால் கொட்டகையில் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்க இலவச புட்டி விஷயமா ஒரு சந்தேகம். ஒரே வீட்டுக்கு நாப்பத்தேழு பார்சல் போகுது. பேரு மட்டும் வேற வேற. அனுப்பிடவா, நிறுத்தவா?"

"எந்த ஊருக்கு?"

"உங்க ஊருதான். பதினாலு, ஸ்ப்ரூஸ் தெரு."

மார்லிஸுக்கு அந்த வீட்டின் கதவு என்ன நிறம் என்று தெரியும். அந்தக் கதவை முப்பது வருடமாகத் தட்டாமலே திறந்து உள்ளே போய்க்கொண்டிருந்தவள் அவள். லவோன் ஹோவ்லண்டின் வீடு.

"எதையும் அனுப்பாதீங்க. நானே வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

இந்த இலவச யோசனையே லவோனுடையதுதான். போன வருடம் ஏப்ரலில், மேப்பிள் மரங்களிலிருந்து கடைசியாக வடிந்த சாற்றைக் காய்ச்சி முடித்த ஐந்தாம் நாள், மார்லிஸின் கணவர் ஆர்டன் கொட்டகை வாசலில் விழுந்து இறந்துபோனார். அந்தக் கடைசிக் காய்ச்சல் பாகு பால் விடாத காப்பி மாதிரி கருத்திருந்தது. இருநூறு சின்னப் புட்டிகள். விற்க மனம் வராமல் ஒரு வருடம் நிலவறையிலேயே வைத்திருந்தாள். லவோன்தான் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "பூட்டி வச்சு என்னடி பண்ணப்போற? ஆர்டனோட பாகை நாலு பேரு ருசி பாக்கட்டும். இலவசமா குடு. பிடிச்சவன் அடுத்த வருஷம் காசு குடுத்து வாங்குவான்."

லவோனுக்கு இதெல்லாம் அத்துப்படி. இணையத்தில் எங்கே என்ன இலவசமாகக் கிடைக்கும் என்று நூலகத்தில் மாதம் ஒரு வகுப்பே எடுத்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பின் வாசகத்தையும் அவளே தட்டினாள். புதிதாக வருபவர்களுக்கு மட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு புட்டி. 'நேர்மையாகக் கேளுங்கள்' என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள்.

"இதைப் போடலேன்னா ஜனம் மொய்ச்சிடும். எனக்குத் தெரியாதா" என்று சிரித்தாள்.

நகரத்துக்கு வண்டியை ஓட்டிப் போய் மார்லிஸ் பெட்டிகளையும் பெயர்ப் பட்டியலையும் வாங்கிக்கொண்டாள். வண்டியிலேயே உட்கார்ந்து பட்டியலைப் படித்தாள். ஆர்வில் டெஷ். படகு பழுது பார்த்தவர். சிக்னே பாக்கன். பாதி ஊருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள். ஹியால்மர் லுண்ட். ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொருவரையும் அடக்கம் செய்தபோது அவள் உடனிருந்திருக்கிறாள். பத்தாவது பெயரில் பிடிபட்டது: தேவாலயத்து நடையில் இறந்தவர்களின் நினைவாகத் தொங்கும் பித்தளைப் பலகை, அதில் பெயர்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசை. நாற்பத்தேழாவது பெயர் ஆர்டன் எக்டால்.

அந்தப் பெயர்த் தகட்டைப் பலகையில் மார்லிஸ் தன் கையாலேயே திருகி மாட்டி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

முதலில் அவளுக்கு அழுகை வரவில்லை. நாற்பத்தேழு என்ற எண்ணிக்கைதான் உறுத்தியது. ஜூன் பதினான்காம் தேதி லவோனின் மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம். விருந்துக்கு எத்தனை பேர் என்று தேவாலயப் பாடகர் குழுவில் எல்லாருக்கும் தெரியும். நாற்பத்தேழு பேர். 'ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில ஒரு சின்னப் பரிசு வைக்கப்போறேன், பாத்தா அசந்துடுவீங்க' என்று போன வாரம்தான் லவோன் சொல்லியிருந்தாள்.

வரும் வழியில் மூன்று தடவை லவோனின் எண்ணை எடுத்தாள். மூன்று தடவையும் வைத்துவிட்டாள். கேட்டால் லவோன் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மன்னிப்புக் கேட்பாள். மார்லிஸும் மன்னித்து, காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பவேண்டியிருக்கும். அந்தக் காப்பியைப் போட அவளுக்கு இஷ்டமில்லை.

பழுப்பு மை வாங்கினாள். மெல்லிய தாளைக் கட்டைவிரல் நீளத்துக்குத் துண்டுகளாக வெட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், அதற்குக் கீழே 'இந்தப் புட்டியை இலவசமாகக் கேட்டவர்', கடைசி வரியில் '14, ஸ்ப்ரூஸ் தெரு.' எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் வழக்கமான லேபிளை ஒட்டினாள். நிறைந்த புட்டியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கருப்புதான் தெரிந்தது. ஒரு புட்டியைக் காலி செய்து பார்த்தாள். பின்கண்ணாடி வழியே ஹியால்மர் லுண்ட் துல்லியமாகத் தெரிந்தார்.

மூன்று நாள் வேலை. ஆர்டன் போன பிறகு இத்தனை சுறுசுறுப்பாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை. சாப்பாடு ருசித்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். நடுவில் ஒரு தடவை பிரிட்டாவின் முகம் வந்தது. பல் விழுந்த ஆறு வயசில் இதே கொட்டகையில் பனிக்கட்டிமேல் சூடான பாகை ஊற்றித் தின்ற பிரிட்டா. மார்லிஸ் அந்த முகத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். ஆர்டனின் பெயரைக் கடைசியில் எழுதினாள். அதை மட்டும் இரண்டு தடவை எழுதவேண்டியிருந்தது, முதலாவதில் மை கலைந்துவிட்டது.

நாற்பத்தேழு பார்சலும் நாற்பத்தேழு பெயருக்கும் அதே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. லவோன் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் காலையில். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் விருந்து. பாகு ஊற்றித் தின்னும் வாஃபிள், முட்டை, பன்றி இறைச்சி, பெரிய கொதிகலனில் காப்பி. ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் நீல ரிப்பன் கட்டிய சின்னப் புட்டி. மார்லிஸைப் பார்த்ததும் லவோன் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதடி, சொல்லாம வச்சிருந்தேன். உன்னோட பாகுதான். உன் வியாபாரத்துக்குக் கை குடுத்த மாதிரி இருக்கட்டும்னு ஆன்லைன்லயே வாங்கிட்டேன்."

"வாங்கினியா?"

"பின்ன? உனக்குச் செய்யாம யாருக்குச் செய்வேன்?"

அதோடு விட்டிருக்கலாம். விருந்து தொடங்குமுன் ஒலிவாங்கியையும் பிடித்து அதையே சொன்னாள். கணவனை இழந்து தனியாகப் போராடும் சிநேகிதிக்கு இந்தக் குடும்பத்தால் ஆன சின்ன உதவி என்றாள். கூடம் கைதட்டியது. எல்லாரும் மார்லிஸைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். மார்லிஸும் புன்னகைத்தாள். அதுவரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தயக்கம் அந்தக் கைதட்டலில் உதிர்ந்துபோனது.

முதலில் கண்டுபிடித்தது லவோனின் மைத்துனர் டுவெய்ன். எதையும் அளவாக ஊற்றத் தெரியாதவர், முழுப் புட்டியையும் வாஃபிளில் கவிழ்த்தார்.

"உள்ள என்னமோ எழுதியிருக்குப்பா" என்றார். "பரிசுச் சீட்டா இருக்குமோ?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். "ஆர்வில் டெஷ். ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தினாலு, ரெண்டாயிரத்திப் பதினெட்டு. இந்தப் புட்டியை இலவசமாகக் கேட்டவர். பதினாலு, ஸ்ப்ரூஸ்..." அங்கே நிறுத்தினார். அது அவருடைய மைத்துனி வீடு.

எதிரே உட்கார்ந்திருந்த ஆர்விலின் மனைவி ஹெல்மிக்கு எண்பத்தாறு வயது. காது மந்தம். ஆனால் அந்தப் பெயர் மட்டும் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"என் ஆர்வில்லா? அவர் என்ன கேட்டார்?"

பக்கத்து மேசையில் ஒருத்தி தன் புட்டியைக் காப்பிக் கோப்பையில் கவிழ்த்தாள். பிறகு இன்னொருவர். தட்டில், கோப்பையில், தண்ணீர்க் குவளையில், கூடம் முழுக்கப் பாகு ஊற்றும் சத்தம் மட்டும். பிறகு பெயர்கள். ஒருவர் அம்மாவின் பெயர் இன்னொருவர் கையில் இருந்தது. "சிக்னே டீச்சர்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

லவோன் ஒலிவாங்கி இருந்த இடத்திலேயே நின்றாள். அவள் முகம் வெளுத்ததை மார்லிஸ் கண்ணெடுக்காமல் பார்த்தாள். இதற்காகத்தானே மூன்று நாள்.

"இலவசம்னுதானே போட்டிருந்துது" என்றாள் லவோன் கடைசியில். "இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"எங்கம்மா பேரைப் போட்டு எதுக்குடி கேட்ட?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னு எழுதினது யாரு?" என்றாள் மார்லிஸ். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "நேர்மையா கேளுங்கன்னு எழுதினது யாரு லவோன்? என் மேசையில உக்காந்து, என் காப்பியைக் குடிச்சுக்கிட்டு?"

பிரிட்டா எழுந்தாள். வெள்ளை உடுப்பில் மேசை மேசையாகப் போய், கெஞ்சுகிற பாவனையில் ஒவ்வொரு புட்டியாக வாங்கிக் கூடையில் போட ஆரம்பித்தாள். மாப்பிள்ளை அவள் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மார்லிஸ் முன்னால் வந்தபோது பிரிட்டா நிற்கவில்லை. மார்லிஸின் புட்டியை மட்டும் எடுக்காமல் தாண்டிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் பிரிட்டா வந்தாள். தேனிலவுக்குப் புறப்படும் வழி. கல்யாண வழக்கப்படி காரின் பின்னால் கட்டிய தகர டப்பாக்களை யாரும் அவிழ்த்திருக்கவில்லை.

"எப்போ தெரியும் ஆன்ட்டி உங்களுக்கு?"

"நாலு வாரமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல வச்சிருப்பேன். அம்மாவை முட்டி போட வச்சிருப்பேன்."

"உங்கம்மா என் புருஷன் பேரையும் போட்டிருக்கா பிரிட்டா."

"தெரியும். அவ பண்ணினது அசிங்கம். நான் அவளுக்காகப் பேச வரல." பிரிட்டா கார் சாவியை விரலில் சுற்றினாள். "அவளை அடிக்க என் கல்யாணம்தான் கெடச்சுதா உங்களுக்கு? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

வேறு நாள் தேர்ந்தெடுத்திருந்தால் இத்தனை பேர் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் உண்மையான பதில். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல மார்லிஸுக்கு வாய் வரவில்லை. டப்பாக்கள் கடகடக்க கார் போனது.

தேவாலயத்துப் பாஸ்டர் நைகார்ட் அதிகம் பேசாதவர். லவோனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாராம்: ஒவ்வொரு புட்டியையும் அந்தந்தப் பெயருக்குரிய குடும்பத்திடம் நீயே கொண்டுபோய்க் கொடு, என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல். லவோன் கிளம்பினாள். ஜூலை முழுக்கப் போனாள், ஆகஸ்டிலும் போனாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஹெல்மி மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, முழுக் கதையையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாளாம், காது கேட்காததால். மளிகைக்கடையிலும் தபால் நிலையத்திலும் இந்தச் செய்திகள் மார்லிஸின் காதுக்கு வந்தபடி இருந்தன. ஒவ்வொன்றும் அவளுக்கு இனித்தது. நாய் விஷயத்தை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். நூலகத்து வகுப்பு நின்றுபோனது. வகுப்பைப் பற்றிய தாள் அறிவிப்புப் பலகையிலிருந்து காணாமல் போன இடத்தை வேலை எதுவும் இல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை லவோன் இவள் வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கதவைத் திறக்காமல் தட்டினாள்.

"உள்ள வரலாமா?"

"வேண்டாம்."

லவோன் கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள். சுத்தமாகக் கழுவித் துடைத்திருந்தது. கண்ணாடி வழியே ஆர்டனின் பெயர் தெரிந்தது.

"பாகு எங்க?"

"விருந்துல திறக்காத புட்டி பன்னெண்டு மிஞ்சிச்சு. எது யாரோடதுன்னு பேரு தெரியணுமே." லவோன் தலையைக் குனிந்துகொண்டாள். "சிங்க்ல கொட்டிட்டேன்."

கிணற்றடி மேப்பிளிலிருந்து சாற்று வாளியை ஆர்டன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி வந்தது மார்லிஸின் கண்ணுக்குள் ஓடியது.

"சொல்லு" என்றாள். "மத்த வீட்டுல சொன்ன மாதிரியே இங்கயும் சொல்லு."

"பலகையைப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு வரிசையா அடிச்சேன். செத்தவங்க யாரு வந்து கேக்கப்போறாங்கன்னு நெனச்சேன். நீ பட்டியலைப் பாக்க மாட்டேன்னும் நெனச்சேன். கடைசியில ஆர்டன் பேரு வந்துது. அங்க நிறுத்தினேன் மார்லிஸ், சத்தியமா நிறுத்தினேன். எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன். நாப்பத்தாறுதான் ஆகியிருந்துது. ஒண்ணு கொறஞ்சுது."

"அப்புறம்?"

"வந்து அடிச்சேன்."

"ஒரு புட்டியைக் காசு குடுத்து வாங்கியிருக்கலாமில்ல?"

"தோணவே இல்லடி." லவோன் அழுதாள். "நாப்பத்தாறு வீட்டுக் கதையும் ஆச்சு. எத்தனை வீட்டுல ஏறி இறங்கிட்டேன். உன் படியேறத்தான் இத்தனை நாளாச்சு."

"ஏறியாச்சுல்ல" என்றாள் மார்லிஸ். "இறங்கு."

புட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தாள். லவோன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். காரில் ஏறி வெகுநேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கார் வளைவில் திரும்பி மறைந்தது. மார்லிஸுக்கு மனம் குளிர்ந்துதான் இருந்தது. அதில் பொய் இல்லை. இறங்கு என்று சொன்னபோது லவோனின் முகம் போன போக்கை, அந்த ஒரு வார்த்தையின் கச்சிதத்தை, யாரிடமாவது உடனே சொல்லவேண்டும்போல் இருந்தது. இந்த மாதிரி விஷயத்தைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இன்னொரு தடவை சொல்லுடி என்று கேட்கிற ஆள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். மார்லிஸ் போனைக் கையில் எடுத்து, அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.